வினிகர் வாடை வீசும் ஓவியங்கள்

கார்ட்டூன் படம் பார்த்திருப்பீர்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் செலவைக் குறைக்க ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்குப் படம் பிடிப்பார்கள். அப்படியும் இடைவிடாத அசைவு ஒரு நிமிடம் நீடிக்க 480 ஓவியங்கள் வேண்டும்!

இவ்வோவியங்கள் 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டில் தீட்டப்பட்டவை. முன்புறம் கோடுகள், பின்புறம் வண்ணம். தகட்டைப் பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படமெடுப்பதால் பின்னணியைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியதில்லை. ஜப்பானின் முதல் முழுநீள வண்ணக் கார்ட்டூன் படமான 'ஹகுஜாடென்' (1958) முதல் 'டோட்டோரோ', 'அகிரா' (இரண்டும் 1988) வரை இம்முறையே. படம் முடிந்ததும் செல்கள் பெரும்பாலும் குப்பைக்குச் சென்றன. 1990-களின் இறுதியில் கணிப்பொறி வந்தது. புதிய செல்கள் அரிதாயின. அன்று எறிந்ததை இன்று ஏலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

வாங்கியதை எப்படிக் காப்பது? தகடு செலுலோஸ் அசிடேட்டால் ஆனது. காற்றின் ஈரம் அதனுடன் வினைபுரியும்போது அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம், பிரிகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பிரிந்த அமிலமே அதே வினைக்கு ஊக்கியாகவும் அமைந்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை! கூட்டு வட்டிபோல, ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊர்ந்த சிதைவு பிறகு பாய்ச்சலாகிறது. தகடு சுருங்கி நெளிகிறது; சுருங்காத வண்ணப் படலம் வெடித்து உதிர்கிறது.

பத்திரம் என்று எண்ணிக் காற்றுப் புகாத உறையில் இறுக மூடுவோர் உண்டு. அமில ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிக் கேட்டை விரைவுபடுத்தும். கெட்ட செல்லின் ஆவி பக்கத்துச் செல்லையும் தாக்கும். எனவே அதைத் தனியே பிரிப்பதே முதல் வேலை. ஜூன், ஜூலையில் ஜப்பானில் பெய்யும் 'சுயு' மழைக்காலத்தின் ஈரக்காற்று இவற்றுக்குப் பெரும் பகை. வெயில் விழும் சுவரில் சட்டமிட்டு மாட்டுவதோ, என் கருத்தில், பணத்தை வெயிலில் காயவைப்பதுதான். புற ஊதாக் கதிர் வண்ணத்தை வெளுக்கச் செய்யும். குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இருட்டறையே ஏற்றது. பல வேதிவினைகளில் வெப்பநிலை 10 பாகை குறைந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சிதைந்ததை மீட்க வழியில்லை. மூக்கு உணரும்போது கேடு முற்றியிருக்கலாம். ஆகவே ஆவணக் காப்பகங்களில் லிட்மஸ் போன்ற ஒரு நீலச் சாயத்தாளைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அமிலம் பட்டால் அது பச்சையாகி, பின் மஞ்சளாகிறது.