புளிக்கரைசல் வேண்டாம்

எங்கள் வீட்டு நாய் எலி மருந்தைத் தின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. நெல் மூட்டைகளுக்கு இடையில் வைத்திருந்த கட்டியைக் கடித்துவிட்டு, வாயை நக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. அம்மா ஓடிப்போய்ப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்தார். நான் வாயைப் பிளந்து பிடித்தேன், அவர் ஊற்றினார். கொஞ்சம் வாந்தி எடுத்தது. சாயங்காலம் சோறு வைத்தபோது வாலாட்டிக்கொண்டே தின்றது. பிழைத்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தோம். வெள்ளிக்கிழமை விடியும்போது அதன் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம். மத்தியானத்துக்குள் போய்விட்டது.

அது நன்றாக இருந்த அந்த மூன்று நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கட்டி வடிவில் விற்கும் எலி மருந்துகளில் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்பவை. ஈரல் வைட்டமின் கே-யைப் பயன்படுத்தும் வழியை அவை அடைத்துவிடும். உடம்பில் ஏற்கெனவே இருக்கிற, இரத்தத்தை உறையவைக்கும் சத்து தீரும்வரை நாய் ஓடும், குரைக்கும், சாப்பிடும். இரண்டிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் இரத்தம் கசியத் தொடங்கும். இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1. முதல் நாளே தொடங்கி, மருத்துவர் சொல்கிற வாரக்கணக்குக்கு விடாமல் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்ளும். இரத்தம் போன பிறகு என்றால் வேறு நாயின் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில், நாய்களுக்கு இரத்த வங்கியே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து வேப்பேரிக்கு ஆறு மணி நேரம்.

புளிக்கரைசலைப் பற்றிப் பிற்பாடு தெரிந்துகொண்டது இன்னும் உறுத்துகிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரியும். காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. இப்போது ஆய்வாளர்கள் டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டுகிறார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். புளி தின்று சிறுநீரகம் செயலிழந்த நாய்களைப் பற்றி 2022-இல் கால்நடை அவசர சிகிச்சை இதழ் ஒன்றில் கட்டுரையே வந்திருக்கிறது. விஷத்தை முறிக்க என்று நாம் ஊற்றுவதே இன்னொரு கேடு. உப்புக் கரைசலும் அப்படித்தான். இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். வலுக்கட்டாயமாக ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். ஆசிட், பினாயில் குடித்த நாயை வாந்தி எடுக்க வைத்தால் போகும்போது வெந்த தொண்டை, திரும்பும்போது மறுபடி வேகும்; மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடலாம். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, தின்றது போக மிச்சமிருக்கும் அட்டையையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துப் போவது. எந்த எலி மருந்து என்று தெரிந்தால்தான் எந்த சிகிச்சை என்று தெரியும்.

காய்ச்சல் என்று நினைத்து நம்முடைய பாராசிட்டமாலையோ இப்யூபுரூஃபனையோ உடைத்துக் கொடுப்பவர்கள் படித்தவர்களிலும் நிறைய. நாயின் உடம்பு இயல்பாகவே நம்மைவிடச் சூடு; 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்வரை அதற்குச் சாதாரணம். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. நம் மாத்திரை அதன் ஈரலையோ வயிற்றையோ சிறுநீரகத்தையோ பதம் பார்க்கும்.

சூடு என்றதும் கத்திரி வெயில் நினைவுக்கு வருகிறது. நாய்க்கு நம்மைப்போலத் தோல் முழுக்க வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையான பக் இன நாய்க்கு அதுவும் சரியாக முடியாது; பனிநாட்டு ரோமத்தோடு நம் அடுக்குமாடிகளில் வாழும் ஹஸ்கியின் நிலையும் பரிதாபம். மொட்டை மாடியில் கட்டிப்போட்ட நாயோ, கண்ணாடி ஏற்றிய காரில் விட்ட நாயோ விடாமல் இரைத்து, எச்சில் ஒழுக்கி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு பறப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் குளிர வையுங்கள், பிறகு கிளம்புங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், வீட்டில் இருக்கிற தண்ணீரை உடம்பெங்கும் விடாமல் ஊற்றி, மின்விசிறியை வைக்க வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடக் கூடாது. சற்று நேரத்தில் துண்டே சூடேறி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தேறிவிட்டதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சிறுநீரகம், குடல், இரத்தம் உறையும் தன்மை எல்லாம் மறுநாள்கூடக் கெடலாம்.

தோட்டம், தோப்பு உள்ளவர்களுக்குப் பாம்பு பெரிய பயம். நாய் மூக்கை நீட்டிக்கொண்டு போய்த்தான் பாம்பைப் பார்க்கும். அதனால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ இருக்கும். கண்ணாடிவிரியன் கடித்தால் வேகமாக வீங்கி இரத்தம் கசியும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் இமை தொங்கி, கால் துவண்டு, மூச்சு அடங்கும். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடி நேரத்தைப் போக்காதீர்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். நாய்க்கென்று தனி விஷமுறி மருந்து இங்கே கிடையாது. நமக்குப் போடும் அதே ஊசிதான் அதற்கும். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருபவர்களில், 1978-இல் தொடங்கி மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள். ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் அந்த ஊசி இருப்பில் இருக்காது. கிளம்பும்போதே ஒருவர் போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சுக்கூட்டு நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். வயிறு மத்தளமாக உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் ஒன்றும் வராமல் அலைபாய்ந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காலைவரை காத்திருந்தால் நாய் இருக்காது. அறுவை சிகிச்சைதான் ஒரே வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள்.

வண்டியில் அடிபட்ட நாயைத் தூக்கும்போது, எவ்வளவு பழகியதானாலும் வலியில் கடிக்கும். துண்டால் வாயைத் தளர்வாகக் கட்டி, பலகையிலோ விரித்துப் பிடித்த போர்வையிலோ அப்படியே நகர்த்துங்கள். இரைக்கிற, வாந்தி எடுக்கிற நாயின் வாயை மட்டும் கட்டக் கூடாது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு போன் போடுங்கள். இரவில் ஆள் இருப்பார்களா, பாம்புக்கடி ஊசி இருக்கிறதா, வைட்டமின் கே1 இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணை வீட்டில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது புளிப்பானை இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.