தோட்டத்தை விற்று அயல்நாட்டில் பழைய வீடா?

பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறியும் கோழிப்பண்ணையும் ஈட்டிய பணத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகள் பலர், வேலையும் குடும்பமும் அமைந்து அங்கேயே தங்கிவிட்டனர். வாடகை உயர உயர, சொந்த வீடு வாங்கும் எண்ணம் அவர்களுக்கு எழுகிறது. பள்ளியும் ரயில் நிலையமும் அருகில் இருக்க வேண்டுமானால், பெரும்பாலும் பழைய வீட்டைத்தான் வாங்க வேண்டும். கையிலுள்ள சேமிப்பு போதாதபோது, ஊரில் பெற்றோர் வைத்திருக்கும் தோட்டம் நினைவுக்கு வருகிறது.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் இத்தகைய யோசனைகளுடன் என்னைத் தேடி வருவோர் உண்டு. அண்மையில் வந்த ஒருவர், மெல்போர்னில் மகன் பார்த்து வைத்திருக்கும் பழைய வீட்டுக்காகத் தன் தோட்டத்துக்கு முன்பணம் வாங்கிவிடலாமா என்று கேட்டார். மகன் இருப்பது தற்காலிக வேலை விசாவில் என்பதைப் பேச்சின் முடிவில்தான் சொன்னார். முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

ஆஸ்திரேலிய அரசு 2025 ஏப்ரல் 1 முதல், இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவித்து, அயல்நாட்டவர் பழைய வீடுகளை வாங்கத் தடை விதித்தது. தற்காலிக விசாவில் அங்கேயே வசித்து, வரி செலுத்துபவருக்கும் இத்தடை பொருந்தும். விதிவிலக்குகள் மிகச் சில. நிரந்தரக் குடியுரிமை பெற்று அங்கு வாழ்பவருக்குத் தடையில்லை.

புது வீட்டுக்கு வழிவிட்டுப் பழைய வீட்டுக்கு மட்டும் ஏன் தடை? இதன் பின்னணி எளிய பொருளியல்தான். அயல்நாட்டவரின் பணம் புது வீட்டுக்குச் சென்றால், நாட்டின் வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும். அதே பணம் பழைய வீட்டுக்குச் சென்றால், வீடு கூடுவதில்லை. போட்டியிடுவோர் மட்டுமே கூடுகின்றனர். விலையேற்றத்தால் சொந்த மக்கள் அதிருப்தியடையும்போது, அரசுகள் முதலில் கைவைப்பது வாக்குரிமை இல்லாத வாங்குவோர் மீதுதான்.

மற்ற நாடுகளும் இதே திசையில்தான் செல்கின்றன. கனடா 2023 ஜனவரியில் கொண்டுவந்த தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது. அங்கு நிரந்தரக் குடியுரிமை பெற்றவருக்கு விலக்கு உண்டு. வேலை அனுமதியில் இருப்பவருக்கு நிபந்தனைகளுடன் ஒரு வீடு மட்டும். சிங்கப்பூரில் அயல்நாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் 27 முதல் கூடுதல் முத்திரைத் தீர்வை 60%. அங்கு வீவக அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டவை. எனவே பழைய வீட்டை வாங்குபவர், கரைந்துகொண்டிருக்கும் ஆண்டுகளையே வாங்குகிறார். வீடு பழையதானாலும் மனை நமதே என்னும் நம் ஊர்க் கணக்கு அங்கு செல்லாது.

அடுத்த கேள்வி பணம் அனுப்புவது பற்றியது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வீடு வாங்குவதற்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைக் கடந்தால், கடந்த பகுதிக்கு 20% வரியை வங்கி முன்கூட்டியே வசூலிக்கும். 50 லட்சம் அனுப்பினால், அதற்கு மேல் 8 லட்சம் வங்கியிடம் செலுத்த வேண்டும். வருமான வரிக் கணக்கில் இதனைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அப்பணம் முடங்கியிருக்கும். இந்தச் சலுகைகளும் நிலையானவை அல்ல. ரூபாய் மதிப்பு சரிந்த 2013 ஆகஸ்ட்டில், இத்திட்டத்தின் கீழ் வெளிநாட்டில் வீடு வாங்குவதையே ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்து, மறு ஆண்டுதான் மீண்டும் அனுமதித்தது.

பணம் தருகிறோம் என்பதற்காகப் பெற்றோர் தம் பெயரையும் கிரயப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்வது இன்னொரு சிக்கல். அப்போது அந்நாட்டின் பார்வையில் அவர்களும் அயல்நாட்டு வாங்குவோர் ஆகிவிடுகின்றனர். சிங்கப்பூரில் கூட்டாக வாங்கினால், வாங்குவோருள் எவருக்கு அதிகத் தீர்வையோ அந்த விகிதமே முழு மதிப்புக்கும் விதிக்கப்படும். இங்கும் வருமான வரிக் கணக்கில் அந்த வீட்டை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரக்கூடும். மகனுக்கு அன்பளிப்பாக அனுப்பி, அதற்கான ஆவணத்தை வைத்துக்கொள்வதே எளிது.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. நகரையொட்டிய, மூலதன ஆதாய வரிக்கு உட்பட்ட நிலத்தை விற்று வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கு, 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டுமே உரியது. மெல்போர்ன் வீட்டுக்கு அது கிடையாது.

இவை அனைத்தையும்விட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. அயல்நாட்டவரைத் தடுக்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. நம் அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கு வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க இயலாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். ஆனால் பெற்றோரிடமிருந்து வாரிசாக வரும் விவசாய நிலத்தை அவர் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, தோட்டத்தை விற்பது ஒருவழிப் பாதை. மெல்போர்ன் வீட்டை மகன் நாளை விற்று, அதற்குச் சமமான வேறொன்றை அங்கேயே வாங்க முடியும். பல்லடத்துத் தோட்டத்தை, அவர் வெளிநாட்டில் வாழும் வரை, எவ்வளவு ஈட்டினாலும் திரும்ப வாங்க முடியாது. இரு சொத்துகளின் விலையை ஒப்பிடும் நாம், திரும்பி வரும் வழி எதில் இருக்கிறது என்பதை ஒப்பிடுவதில்லை.

தோட்டத்தை விற்கவே கூடாது என்பதல்ல என் வாதம். நீர் இல்லாமல், உழ ஆளில்லாமல் தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் காட்டிலும் பிள்ளையின் வீடு பெரிதாக இருக்கலாம். எனினும் வரிசை முக்கியம். முதலில் விசாவின் தன்மை; பிறகு அந்நாட்டுச் சட்டமும் தீர்வையும்; அதன் பின் கட்டடத்தை நேரில் ஆராயும் தகுதிபெற்ற வல்லுநரின் அறிக்கை. தோட்டத்துக்கு முன்பணம் வாங்குவது இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

என்னைத் தேடி வந்தவரிடமும் இதையே சொன்னேன். மகனுக்கு நிரந்தரக் குடியுரிமை கிடைக்கும் வரை காத்திருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அதுவரை தோட்டம் அவர் பெயரிலேயே இருக்கும்.