கிராம முன்னேற்றமும் இளைஞர் கழகங்களும்

ஒரு கிராமத்தின் முன்னேற்றம் அரசாங்கத்தின் பொருளுதவியினால் மட்டும் எய்தற்குரியதன்று. வீதியும் கட்டடமும் பொருளால் அமையும்; அவற்றைப் பேணுவோர் அவ்வூரவரே ஆதல் வேண்டும். அப்பணிக்கு இளைஞர் கழகம் எவ்வாறு உதவலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இலங்கையில் இளைஞர் ஒன்றுகூடிச் சமூகப்பணி புரிந்தமை புதிதன்று. 1924இல் மாணவர் காங்கிரஸ் என்னும் பெயருடன் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் சாதி வேற்றுமையைக் கண்டித்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவருடன் கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற் சென்று உழைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைந்தது. ஊர்தோறும் இளைஞர் கழகங்கள் அதன் ஆதரவில் இயங்கி வருகின்றன.

ஆயினும் ஒரு குறையுண்டு. சிரமதானம் ஒருநாளில் முடிந்துவிடுகின்றது. துப்புரவாக்கிய இடத்தில் அடுத்த ஆண்டு மீண்டும் பற்றை மண்டுகின்றது. ஒருநாள் உற்சாகத்தினும் ஆண்டு முழுதும் நீடிக்கும் சிறுபணியே பயன்மிக்கது. இதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் குளங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

குடாநாட்டில் என்றும் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழைநீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களினூடே கீழிறங்கி, கடல்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலின் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. நம் கிணறுகள் தருவது இந்நீரே. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர்நீர் மேலேறும். மழைநீரைத் தேக்கி நிலத்தினுட் புகச்செய்வன குளங்கள். குளம் தூர்ந்து வாய்க்கால் அடைபடின், கிணற்றுக்குச் சேரவேண்டிய நீர் கடலைச் சேரும்.

இங்கே கழகம் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, குளத்துக்குப் பொறுப்பான சபையின் அல்லது திணைக்களத்தின் அனுமதியுடன், ஆண்டுதோறும் மாரிக்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்கி வண்டலை அகற்றுதல். அவ்வண்டலை விளைநிலத்துக்கு இடுவது முன்னோர் வழக்கம். இரண்டாவது, மாதந்தோறும் குறித்த நாளில் சில கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிற்றினால் அளந்து, வாசிகசாலைப் பலகையில் யாவரும் காண எழுதுதல். மூன்றாவது, கிணற்றுநீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதிப்பித்தல். செயற்கை உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் நீரில் நைத்திரேற்று சேரும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் பச்சிளங் குழந்தைகளுக்குக் கேடு விளையும்.

இவை நிலைபெறுதற்கு இரு நியதிகள் வேண்டும். ஒன்று, கணக்கும் குறிப்பேடும் ஒழுங்காயிருத்தல். இளைஞர் பலர் கல்விக்கும் தொழிலுக்குமாக ஊரைவிட்டுச் செல்கின்றனர். குறிப்பேடு இருப்பின், செல்பவரின் பணியை வருபவர் தொடர்வர். மற்றையது, கழகத்தின் கதவு எல்லார்க்கும் திறந்திருத்தல். சாதி காரணமாக ஒருவரைப் பொதுவிடங்களினின்று விலக்குதலைத் தடுத்தற்கு 1957இல் சட்டம் எழுந்தது. எனினும் ஒரு குறிச்சியினர் மட்டும் கூடும் கழகம் ஊரின் கழகமாகாது. நிலத்தடி நீருக்கு வேலியில்லை. ஒருவர் குழியின் மாசு அயலவர் கிணற்றை அடையும். அன்றாடம் நீரள்ளும் பெண்களுக்கும் நிருவாகத்தில் இடமளித்தல் வேண்டும். கிணற்றின் குணம் மாறுவதை முதலில் அறிபவர் அவரே.

கடல் கடந்து வாழும் உறவினர் அனுப்பும் பொருளால் ஊரிற் கட்டடங்கள் எழுகின்றன. பொருளை அனுப்பலாம், வாய்க்காலிற் படிந்த மண்ணை வெட்டும் கையை அனுப்ப இயலாது. அக்கை ஊரிலுள்ள இளைஞருடையது. ஆதலின் மாணவர்காள், உங்கள் கழகம் பெருந்திட்டம் பல தீட்டவேண்டுவதில்லை. ஒரு குளத்தைத் தெரிந்து, பத்தாண்டு கைவிடாது பேணுக. உங்கள் ஊரின் கிணறுகள் அதற்குச் சான்று பகரும்.