கடலைத் துறந்த நண்டு

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அங்கே நடவு முடிந்த வயலில் கட்டிய தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக வடிந்துபோனால், முதலில் வரப்பைத்தான் குனிந்து பார்ப்பார்கள். நண்டு வளை இருக்கும். இளநாற்றை அடியோடு நறுக்கிப் போட்டதும் அநேகமாக அந்த வளைக்காரர்தான்.

விரட்டுகிற அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். பாகூரிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். நண்டு வம்சம் தோன்றியதே கடலில். ஆனால் இந்த வயல் நண்டுக்குக் கடல் தேவையே இல்லை.

கழிமுகத்துச் சேற்று நண்டுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அதன் பெட்டை முட்டை பொரிக்கக் கடலுக்குப் போயாக வேண்டும். பத்து லட்சத்துக்கு மேலும் முட்டை சுமக்கும். பொரிந்து வருவது நண்டு போலவே இருக்காது. முள் முளைத்த, கடுகிலும் சிறிய மிதவை உயிர். சட்டை உரித்து உரித்து நண்டாவதற்குள் பெரும்பாலானவை மீனுக்கு இரை.

வயல் நண்டு இடுவது சில நூறுதான். ஆனால் ஒவ்வொன்றும் பெரிது, மஞ்சள் கரு நிறைந்தது. பெட்டையைப் புரட்டிப் பாருங்கள்: வயிற்று மடல் அகலமாக இருக்கும் (ஆணுக்கு ஒடுங்கியிருக்கும்). அதற்கடியில்தான் முட்டைகளைச் சுமக்கும். உருமாற்றமெல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்து, கொடுக்கும் காலுமாகப் பொடி நண்டுகள் வெளிவரும். வந்த பிறகும் சில நாள் மடலை விட்டு நகராது. நண்டு பிறந்தால் தாய் சாகும் என்ற பழைய நம்பிக்கை ஐங்குறுநூற்றின் கள்வன் பத்திலேயே (கள்வன் என்றால் நண்டு) இருக்கிறது. தாய் சாவதில்லை, குஞ்சுகளை இறக்கிவிட்டு மேயப் போகிறது.

மூச்சுக்கும் அதனிடம் ஏற்பாடு உண்டு. தண்ணீரில் செவுள். வெளியே வந்தால், செவுள் அறையின் உட்சுவரே நுரையீரல் வேலை பார்க்கும். ஈரம் மட்டும் காயக்கூடாது. அதனால்தான் சித்திரை வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது, ஈரம் தட்டும் ஆழத்துக்கு வளை தோண்டி, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு மழை வரும்வரை முடங்கிக் கிடக்கிறது.

கடலைத் துறந்ததற்கு விலையும் உண்டு. மிதவைக் குஞ்சுகளைக் கடல் நீரோட்டம் வெகுதூரம் கொண்டுபோகும். வயல் நண்டின் குஞ்சுக்குக் கால்தான் வண்டி. வாய்க்கால் வழியாகவும் வரப்பு வழியாகவும் நடந்தே பரவ வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கு ஓடை வேறு வேறு நன்னீர் நண்டு இனங்கள் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. ஓர் இனத்துக்கு ஒரே மலைச்சரிவுதான் வீடு என்றால், அந்த ஓடை வற்றும்போது அந்த இனமும் போய்விடும்.