அக்கினி வெயிலும் அடுத்த வீட்டுக் கதவும்



சமாரியாவின் கிணற்றருகே இயேசு அமர்ந்தது நண்பகல் வேளை என்று யோவான் குறிப்பிடுகிறார் (யோவா 4:6). நடந்து களைத்த ஆண்டவர், முன்பின் அறியாத வேற்றினப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். வெயிலும் தாகமும் இறைமகன் அறியாதவை அல்ல. மே மாதத்தில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நமக்கு இந்த நற்செய்திப் பகுதி விளக்கமின்றியே புரியும்.

வெயில் எல்லார்மேலும் விழுகிறது. ஆனால் எல்லாரையும் ஒன்றுபோல் சுடுவதில்லை. குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு அது மின்கட்டணக் கவலை. மாந்தோப்பில் கூலிக்குக் காய் பறிப்பவருக்கும், அடுப்பின் முன் நின்று பால்கோவா கிண்டுபவருக்கும், தகரக் கூரையின்கீழ் தனியே படுத்திருக்கும் பாட்டிக்கும் அது உயிர்ப் பிரச்சினை. பஞ்சாலைகளில் நூல் அறுந்துபோகாதிருக்கக் காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டி வைக்கிறார்கள். ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. வெயிலில் நிற்காதவரையும் வெப்பம் தாக்குவது இதனால்தான். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் காரணமின்றி அல்ல.

குறைந்த செலவில் செய்யக்கூடியவை

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிப்போம். புட்டியில் விற்கும் குளிர்பானத்துக்குக் கொடுக்கும் காசில் வீடு முழுவதற்கும் நீர்மோர் கலக்கலாம். உப்பிட்ட நீராகாரமும் கம்மங்கூழும் நம் முன்னோர் அறிந்த மருந்துகள். வியர்த்துச் சோர்ந்தவருக்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மண்பானையைக் காற்றோட்டமான நிழலில், ஈர மணல்மேல் வைத்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மட்டும் ஏற வேண்டாம். அது உடைந்து விழுந்தவர்கள் உண்டு. பகலில் வெயில்படும் சன்னல்களை மூடி, இரவில் திறந்து வைப்போம். 75 வாட் மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகும். ஆனால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி அனற்காற்றைத்தான் வீசும். அப்போது உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும்.

தலைச்சுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலில் ஓய்வு வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பவாதம். 108-ஐ அழைத்துவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காசு கொடுத்து வாங்க முடியாதது

2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டின் வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தனர். பெரும்பாலோர் முதியவர்கள்; பலர் தனியே வாழ்ந்தவர்கள். குடும்பங்கள் விடுமுறைக்கு வெளியூர் செல்லும் மாதம் அது. செல்வ நாட்டில் பணத்துக்குக் குறைவில்லை. கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட, பெற்றோர் மட்டும் தங்கிவிட்ட வீடுகள் நம் தெருக்களிலும் இல்லையா?

மே மாதம் அன்னையின் வணக்க மாதம். நம் அன்பியங்கள் வீடு வீடாகச் சென்று செபமாலை செபிக்கின்றன. இந்த ஆண்டு செபமாலையோடு ஒரு கேள்வியையும் கொண்டு செல்வோம்: "இன்று தண்ணீர் குடித்தீர்களா? சாப்பிட்டீர்களா?" தனித்து வாழும் முதியோர், கருவுற்ற தாய்மார், படுக்கையில் இருப்போர் யார் யார் என்று ஒவ்வோர் அன்பியமும் எழுதிக்கொள்ளட்டும். காலையிலும் பிற்பகலிலும் அவர்களை எட்டிப் பார்க்க ஒருவர் பொறுப்பேற்கட்டும். அவர் எம்மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். கிணற்றடியில் ஆண்டவரும் பார்க்கவில்லை. 12 மணி முதல் 3 மணி வரை ஆலயக் கதவு திறந்திருக்கட்டும். வாசலில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கட்டும்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திராட்சைத் தோட்டத்து வேலையாள்கள் கடும் வெயிலைத் தாங்கியதைச் சொல்லி முறையிட்டதை நற்செய்தி மறைக்கவில்லை (மத் 20:12). விடியலில் வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலில் ஓய்வு கொடுங்கள். அந்த ஓய்வுக்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். கூலி குறையும் என்று அஞ்சித்தான் பலர் மயங்கி விழும்வரை வேலை செய்கிறார்கள்.

மே 1 தொழிலாளரான புனித யோசேப்பின் நினைவு நாள். மே 31 மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா. அக்கினி நட்சத்திர நாள்கள் இவ்விரண்டுக்கும் இடையே வருகின்றன. முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த உறவினரைக் காண மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்றார் (லூக் 1:39). மலையடிவாரத்தில் வாழும் நாம் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. அடுத்த வீடு வரை போனால் போதும்.

அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக.