பெட்டிக்குள் ஒரு பாகப்பிரிவினை

எங்கள் வீட்டுக் கூடத்தில், முன்பு என் தாயாரின் தையல் யந்திரம் இருந்த மூலையில், பத்து வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்து வருகிறது. அதை உபயோகிப்பவர்கள் ஐந்து பேர். விடியற்காலையில் நான் கடிதங்களும் கணக்கும் எழுதுவேன். பகலில் என் மனைவி உறவினர் வீட்டுக் கல்யாணப் படங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பாள். சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பும் மகள் கட்டடங்களுக்குப் பிளான் போடுவாள். இடையே கிடைக்கும் அரைமணி, ஒருமணிகளில் என் தாயார் பழைய பாட்டுக்களைப் போடச் சொல்லிக் கேட்பார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அது என் மகனுடைய ராஜ்யம். இப்படி ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடந்துவந்த சம்சாரத்தில், ஒரு நாள் திரையில் சிவப்புக் கோடு ஒன்று தோன்றி, டிஸ்கில் இனி இடமில்லை என்று அறிவித்தது. யாருடைய பொருளை அழிப்பது என்று பேச்சு எழுந்தது. "இன்னொரு டிஸ்க் போட்டுவிடலாம், அப்பா" என்றான் மகன். "அப்படியானால் ஒன்று எனக்கு, மற்றது உங்கள் எல்லாருக்கும்" என்றாள் மகள். பாகப்பிரிவினை என்ற சொல் என் தாயாரின் வாயிலிருந்துதான் வந்தது.

பிரிப்பதற்கு முன் பிரிக்கப்போகும் பொருள் இன்னதென்று தெரிய வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்பது பெயருக்கேற்ப ஒரு வட்டத் தட்டுத்தான். அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்த தட்டின்மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு ஒன்று இருக்கிறது; அந்தப் பூச்சின் நுண்ணிய பகுதிகள் இந்தத் திசையிலோ அந்தத் திசையிலோ காந்தமேறி நிற்பதே நாம் எழுதிய கடிதமும், எடுத்த படமும், கேட்கும் பாட்டும். மேஜைக் கம்ப்யூட்டர்களில் இந்தத் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7,200 சுற்றோ 5,400 சுற்றோ சுழலும். அதன் மேலே நீண்டு நிற்கும் கையின் நுனியில் எழுதவும் படிக்கவும் வல்ல சிறு தலை ஒன்று உண்டு. கிராமபோன் ஊசியைப்போல் அது தட்டைத் தொட்டு உரசுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், அதாவது ஒரு தலைமயிரின் தடிமனை ஆயிரக்கணக்கான கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறளவு உயரத்தில், மிதந்துகொண்டே போகிறது. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியை நகர்த்திவிட்டு அடியில் பெருக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. இந்த விஷயம் தெரிந்த அன்றே அதை நிறுத்தினேன்.

இந்தச் சாதனம் 1956-ஆம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் ரேனால்ட் ஜான்ஸன் என்பவரின் தலைமையில் உருவான அந்த முதல் யந்திரத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. பெரிய பீரோவைப்போல் நின்ற அந்த ராட்சதப் பெட்டி மொத்தம் 50 லட்சம் எழுத்துக்களை ஏந்தியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல படத்துக்கே அந்த இடம் போதாமற் போகலாம்.

இடம் பெருகிய அளவுக்கு வேகம் பெருகவில்லை என்பதுதான் சுழலும் தட்டின் துக்கம். 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. வேண்டிய இடம் தலைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். கை நகர்ந்து சரியான வரிசையில் நிற்க அதற்குமேல் அவகாசம் வேண்டும். ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுக்கச் சுமார் பத்து மில்லி விநாடி கழிகிறது. நமக்கு அது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதி. ஆனால் மூன்று கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசஸர் அந்த அவகாசத்துக்குள் மூன்று கோடி முறை துடித்துவிடும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நான் காபி குடித்து முடிக்கும் வரையில் அது விழித்தெழாமல் இருந்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளுக்காக அந்தக் கை ஓயாமல் அலைந்துகொண்டிருந்ததுதான்.

இந்த அலைச்சலைப் போக்க வந்தது எஸ்.எஸ்.டி. இதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை செய்த புஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த பிளாஷ் நினைவகச் சில்லுகளே இருக்கின்றன. மின்னணுக்களைச் சிறு அறைகளில் சிறைப்படுத்தி விஷயத்தைக் காப்பாற்றும் இது, எந்த மூலையில் இருப்பதையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், மில்லி விநாடியில் ஒரு சிறு பங்குக்குள் எடுத்துக் கொடுத்துவிடும். குறையும் உண்டு. அந்த அறைகளில் எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதே இடத்துக்கு விலையும் தட்டைவிட அதிகம். மேலும், சுழலும் டிஸ்க் சாகுமுன் பல சமயங்களில் டிக் டிக்கென்று முனகி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி.யோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக் கூடும்.

ஆகவே வேகமுள்ளது ஒன்றும் விசாலமுள்ளது ஒன்றுமாக இரண்டு வாங்கினோம்: 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று, ஒரு டிபி சுழலும் டிஸ்க் ஒன்று. அடுத்த பிரச்னை, எதை எதில் வைப்பது என்பது. மகள் கேட்டதுபோல் ஆளைப் பார்த்துப் பிரிப்பது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும்; ஆனால் அண்ணன் தம்பிகள் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பிக்கொண்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் நெருக்கடி, மறு பக்கம் வெறுமை. கிணறோ இரண்டு பக்கத்துக்கும் இல்லை. கம்ப்யூட்டரிலும் அதே கதிதான். என் கடிதங்கள் பத்து வருஷத்தில் ஒரு ஜிபி ஆகவில்லை; மகனுடைய ஒரே விளையாட்டு ஐம்பது ஜிபியை விழுங்குகிறது. அதனால் பிரிவினை பொருளைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். போனால் திரும்பக் கிடைக்கக் கூடியவை ஒரு வகை: விண்டோஸும், புரோகிராம்களும், விளையாட்டுக்களும். போனால் திரும்பாதவை இன்னொரு வகை: படங்கள், கடிதங்கள், மகளுடைய பிளான்கள், காலஞ்சென்ற என் தகப்பனாரின் குரலைப் பதிவு செய்த ஏழு நிமிஷம். முதல் வகையை எஸ்.எஸ்.டி.யிலும் இரண்டாவதைப் பெரிய டிஸ்கிலும் வைத்துவிட்டால், விண்டோஸ் எந்த நாளில் கெட்டுப்போனாலும் எஸ்.எஸ்.டி.யை மட்டும் துடைத்துப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். குடும்பத்தின் சொத்து பக்கத்து அறையில் அசையாமல் இருக்கும்.

பூட்டும் வேலை கைக்கு எளிது. மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வர்ணமில்லாத உலோகப் பாகம் ஒன்றை ஒரு தரம் தொட வேண்டும். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காமல் இருக்க அந்த உபாயம். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினோம். உள்ளே விசிறியைச் சுற்றிப் பஞ்சுமெத்தைபோல் தூசு. கீழே இரண்டு பல்லி முட்டை ஓடுகள், சூடான இடம் பார்த்து ஏதோ ஒரு தாய்ப்பல்லி இட்டுப் பொரித்தவை. அவற்றைத் துடைத்தெடுத்த பிறகு, டிஸ்கை அதன் தட்டில் செருகி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ முடுக்கியாயிற்று. டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேபிள்கள்: மதர்போர்டிலிருந்து வரும் குறுகலானது விஷயத்துக்கு, அதில் ஏழு முனைகள், பவர் சப்ளையிலிருந்து வரும் அகலமானது மின்சாரத்துக்கு, அதில் பதினைந்து. இரண்டின் வாயும் ஒரு பக்கம் மடிந்திருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. அழுத்தினால் போகவில்லையென்றால் திருப்பிப் பார்க்க வேண்டுமேயன்றிப் பலத்தைக் காட்டக் கூடாது.

சாட்டா என்று பெயர்பெற்ற இந்த முறை 2003-ஐ ஒட்டி வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு நாடாபோல் அகன்ற ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் தொங்கும். ஒன்றை எஜமானாகவும் மற்றொன்றை அடிமையாகவும், அரிசிமணியைவிடச் சற்றே பெரிய ஜம்பர் ஒன்றை முள்முனையில் மாட்டி நாம்தான் நியமிக்க வேண்டும். இரண்டையும் எஜமானாக்கிவிட்டால் யந்திரம் குழம்பி நிற்கும். இன்றைய முறையில் ஆளுக்கொரு பாதை. எஜமானும் இல்லை, அடிமையும் இல்லை. அந்தப் பெயர்களை வைத்தவர்களுக்கு வேறு உவமை தோன்றாமற் போனதைப் பற்றி எனக்கு வருத்தந்தான்.

ஸ்விட்சைப் போட்டதும் புது டிஸ்க் தென்படாது. பலர் இந்த இடத்தில் பயந்து கடைக்கு ஓடுகிறார்கள். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்தால், பட்டா எழுதாத தரிசு நிலம்போல் அது அங்கே கிடக்கும். முதலில் அதில் எல்லைக் கணக்கு எழுதும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எம்.பி.ஆர். என்ற பழைய முறையால் சாதாரணமாக இரண்டு டிபிக்குமேல் கணக்கு வைக்க இயலாது, ஜி.பி.டி. என்ற புதியதற்கு அந்தச் சங்கடம் இல்லை. பிறகு பார்ட்டிஷன், பிறகு பார்மட். முடிந்ததும் ஒரு டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை; தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். டிஸ்குக்கு ஓர் எழுத்தும் கிடைக்கும். முதல் டிஸ்க் ஏன் சி என்று தொடங்குகிறது என்று மகன் கேட்டான். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிகளின் பெயர். அவை மறைந்து வெகு காலமாயினும், தாத்தாவின் சாய்வு நாற்காலியில் யாரும் உட்காராததுபோல் அந்த இடங்களைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கே நான் செய்த தவற்றையும் சொல்லிவிட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை ஏற்றும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றாமல் விட்டேன். எல்லாம் அழகாக நடந்தது. கம்ப்யூட்டர் காபி ஆறுமுன் விழித்தது. ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டேன். பழைய டிஸ்கைக் கழற்றிய அன்று, கறுத்த திரையில், துவக்கக் கூடிய டிஸ்க் எதுவுமில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது. நடந்தது என்னவென்றால், யந்திரத்தைத் துயிலெழுப்பும் சிறு கோப்புகள் பழைய டிஸ்கில் ஏற்கெனவே இருந்ததைக் கண்ட விண்டோஸ், புதியவற்றையும் அங்கேயே எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் எஸ்.எஸ்.டி.யில் வைத்திருந்தது. புது வீட்டின் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்த கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து, எஸ்.எஸ்.டி. ஒன்றை மட்டும் மாட்டி, முதலிலிருந்து ஏற்றினேன். விண்டோஸ் ஏற்றும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்தால் இந்தத் தொல்லையும் வராது, தவறான டிஸ்கைப் பார்மட் செய்துவிடும் அபாயமும் இராது.

மறுபடி பழைய டிஸ்கை மாட்டிப் படங்களை எடுக்கப் போனபோது, என் சொந்தக் கோப்புறையே எனக்கு அனுமதி இல்லை என்றது. விண்டோஸ் மனிதர்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் நீண்ட எண் ஒன்றைக் கொடுத்து அதனால் அறிகிறது. பெயர் அதேயானாலும் புது விண்டோஸில் நான் வேறு ஆள். நிர்வாகக் கணக்கிலிருந்து உடைமையை மாற்றி எழுதிய பிறகு கதவு திறந்தது. பெரிய டிஸ்கில் ஐந்து பேருக்கும் ஐந்து கோப்புறைகளும் பொதுவில் ஒன்றும் உண்டாக்கி, அவரவர் கணக்கில் ஆவணங்கள், படங்கள் என்ற இடங்களை அங்கே திருப்பிவிட்டேன். ஒருவர் கோப்புறைக்குள் மற்றவர் நுழைய முடியாது. இது திரைச்சீலையேயன்றிப் பூட்டு அல்ல. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுபவன் நான் செய்ததையே செய்து உள்ளே போகலாம். மெய்யான ரகசியம் உள்ளவர்கள் டிஸ்கைச் சங்கேதப்படுத்திக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அத்தகைய ரகசியங்கள் இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை.

மகன் கடைசியாக ஒரு யோசனை சொன்னான்: பெரிய டிஸ்க்குகள் இரண்டை வாங்கி, ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் தானாகவே பதியும்படி செய்தால் என்ன? ரெய்டு என்று இதற்குப் பெயர். பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் பெர்க்லி சர்வகலாசாலையிலிருந்து 1988-இல் எழுதிய கட்டுரை இதைப் பிரபலமாக்கியது. ஒரு கணமும் நிற்கக் கூடாத காரியாலயங்களுக்கு அது உத்தமம். வீட்டுக்கோ, கண்ணாடிப் பிம்பம் பிழையையும் பிரதிபலிக்கும். என் மனைவி தவறுதலாக ஒரு கல்யாணத்தை அழித்தால் அந்தக் கல்யாணம் அதே விநாடியில் இரண்டு டிஸ்கிலும் அழிந்துவிடும். ஒரே பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஓர் இடிக்கும் ஒரு திருடனுக்கும் அவை ஒன்றே.

ஆகவே பெட்டியிலிருந்து விடுதலை பெற்ற பழைய 320 ஜிபி டிஸ்குக்கு வேலை கிடைத்தது. தனி மின்சார அடாப்டருடன் கூடிய உறை ஒன்றில் அதை அடைத்து, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கிடையே வைத்திருக்கிறோம். பத்து வயதானதை நம்பலாமா என்று கேட்கிறார்கள். அதுவும் புதியதும் ஒரே நாளில் கண் மூட வேண்டுமே என்பது என் பதில். மாதத்தின் முதல் ஞாயிறு அதை வெளியே எடுப்பவள் என் மனைவி. ஒயரை மாட்டிப் பெரிய டிஸ்கிலிருந்து பிரதி எடுக்க விட்டதும், நீல விளக்கு மினுக்கத் தொடங்கும். அது நிற்கும் வரையில், பால் பொங்கக் காத்திருப்பவளைப்போல் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, பெருக்க வருபவளைக்கூடக் கூடத்துக்குள் விடுவதில்லை.