வெப்ப நாட்டில் பிலிம் கழுவுதல்

கருப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவ வேண்டுமானால் தனி இருட்டறை வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் முழு இருட்டு தேவைப்படுவது, பிலிமை அதன் உறையிலிருந்து உருவிச் சுருள்தாங்கியில் ஏற்றி, ஒளி புகாத சிறு டாங்க்குக்குள் வைத்து மூடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. அதன் பிறகு நடப்பவற்றையெல்லாம் சமையலறை மேடையிலோ குளியலறையிலோ பகல் வெளிச்சத்திலேயே செய்யலாம். வெப்ப நாடுகளில் இவ்வேலையின் கடினம் இருட்டில் இல்லை, தண்ணீரின் சூட்டில் இருக்கிறது. பிலிம் நிறுவனங்கள் வெளியிடும் நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை; சென்னையிலோ மதுரையிலோ கோடை நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் 30 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும்.

சூடு ஏன் இவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பது பிலிமின் அமைப்பை அறிந்தால் விளங்கும். ஒளி ஊடுருவும் நாடாவின்மேல் மெல்லிய ஜெலட்டின் படலம் பூசப்பட்டிருக்க, அதற்குள் வெள்ளி புரோமைடு முதலிய வெள்ளி உப்புகளின் நுண்படிகங்கள் பரவிக் கிடக்கின்றன. கேமராவின் ஷட்டர் திறந்து மூடும் கணத்தில் ஒளிபட்ட படிகங்களில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒன்றுசேர்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த மாற்றமே மறைபிம்பம் எனப்படுகிறது. டெவலப்பர் எனப்படும் உருத்துலக்கிக் கரைசல், அந்த அணுக்கூட்டம் உள்ள படிகங்களைக் கரிய உலோக வெள்ளியாக மாற்றி, பிம்பத்தைக் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. ஒளிபடாத படிகங்களை அது முதலில் தொடுவதில்லை என்றாலும், போதிய நேரமும் சூடும் கிடைத்தால் அவற்றையும் மெல்லக் கருக்கத் தொடங்கிவிடும். ஆகவே உருத்துலக்கல் தானாக முடிந்து நிற்கும் வினை அன்று. உரிய கட்டத்தில் மனிதர் நிறுத்த வேண்டிய வினை.

இன்றும் பரவலாகப் பயன்படும் உருத்துலக்கிகளில் ஒன்றான டி-76, கோடாக் நிறுவனத்தின் ஜான் கேப்ஸ்டாஃப் 1920களில் வகுத்தது. அதன் செய்முறை மறைபொருள் அன்று: ஒரு லிட்டர் கரைசலில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட்டு 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் பிம்பத்தை வெளிக்கொணர்பவை; சல்ஃபைட்டு அவை காற்றுபட்டுக் கெடாமல் காப்பது; வெண்காரம் வினைக்கு வேண்டிய காரத்தன்மையைத் தருவது. சல்ஃபைட்டு நிறைந்த நீரில் மெட்டால் சரிவரக் கரையாது என்பதால், வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டைப் போட்டு, பின் மெட்டாலை முழுதும் கரைத்து, அதன் பிறகே மற்றவற்றைச் சேர்ப்பது வழக்கம். மெட்டால் சிலருக்குத் தோல் அழற்சி தரும். கையுறை அணிந்தே இதைக் கையாள வேண்டும், சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

எடுத்துக்காட்டாக, இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு நீர் கலக்காத டி-76இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் போதும். வெப்பம் ஏற ஏற இந்நேரம் விரைவாகக் குறைந்து, 30 டிகிரியில் ஐந்து நிமிடத்துக்கும் மிகக் கீழே போய்விடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் கரைசல் பிலிமெங்கும் ஒரே சீராக வேலை செய்யாமல் வானப் பரப்பில் திட்டுகள் விழுகின்றன. மேலும் சூடான நீரில் ஜெலட்டின் ஊறி மென்மையாவதால் விரல் பட்டாலே கீறல் விழும். முற்காலத்தில் இதைத் தடுக்க உருத்துலக்கியில் சோடியம் சல்ஃபேட்டைச் சேர்க்கும் முறை இருந்தது. வீட்டில் அதைவிட எளிய வழி, டி-76ஐச் சம அளவு நீர் கலந்து பயன்படுத்துவது: அப்போது 20 டிகிரிக்கான நேரம் 11 நிமிடமாக நீள்வதால், 24 டிகிரியில் வைத்தாலும் சுமார் 8 நிமிடம் கிடைக்கிறது. 24 டிகிரியை எட்டுவதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, பனிக்கட்டிகளை உறையிலிட்டு மிதக்கவிட்டு, கரைசல் புட்டிகளை அதில் நிறுத்திவைத்தால் போதும். கழுவும் நீரை முந்தைய இரவே மண்பானையில் ஊற்றி வைத்தால் அதுவும் பெருமளவு குளிர்ந்திருக்கும். நல்ல வெப்பமானி ஒன்றுக்குச் செலவிடும் பணம் விலையுயர்ந்த லென்சுக்குச் செலவிடுவதைவிடப் பயனுள்ளது என்றே சொல்லலாம்.

வேறொரு தொல்லை ஈரம். பிலிமைச் சுருள்தாங்கியில் ஏற்றப் பயன்படும் கறுப்புப் பைக்குள் வியர்த்த கைகளை நெடுநேரம் வைத்திருந்தால், உள்ளே புழுக்கம் சேர்ந்து ஜெலட்டின் பிசுபிசுத்து, பிளாஸ்டிக் தாங்கியின் பள்ளங்களில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். தாங்கி சொட்டு ஈரமும் இன்றி இருப்பதும், பழைய பிலிம் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் முன்கூட்டியே பழகிக்கொள்வதும் இதற்கு மருந்து. உருத்துலக்கியை ஊற்றியவுடன் டாங்க்கைச் சில முறை கவிழ்த்து நிமிர்த்தி, அடியில் தட்டிக் காற்றுக்குமிழிகளை அகற்றி, பின்னர் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை கவிழ்த்தால் புதிய கரைசல் பிலிமைத் தொட்டுக்கொண்டேயிருக்கும்.

நேரம் முடிந்ததும் நீர்த்த அசிட்டிக் அமிலக் கரைசலில் வினையை நிறுத்தி, ஹைப்போவுக்கு மாற வேண்டும். சோடியம் தையோசல்ஃபேட் எனப்படும் இவ்வுப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் புகைப்படக் கலை பிறந்தபோது, படம் வெளிச்சத்தில் கருத்துப்போகாமல் நிலைக்க அவருடைய கண்டுபிடிப்பே வழிவிட்டது. ஒளிபடாமல் எஞ்சிய படிகங்களைக் கரைத்து அகற்றுவதே இதன் பணி. எவ்வளவு நேரம் என்பதைப் பிலிமே சொல்லும்: வெட்டியெடுத்த நுனித் துண்டைப் புதிய ஹைப்போவில் போட்டால் அதன் பால்போன்ற வெண்மை மறைந்து தெளிவாகும், அதற்கான நேரத்தைப்போல் இரு மடங்கு முழுப் பிலிமையும் ஊறவைக்க வேண்டும். தெளிய ஆகும் நேரம், ஹைப்போ புதிதாக இருந்தபோது ஆனதைப்போல் இரு மடங்கானால் அந்தக் கரைசல் ஓய்ந்துவிட்டது என்று பொருள். உருத்துலக்கலில் நேர்ந்த குறையைப் பின்னால் சரிசெய்ய வழி அரிது. ஹைப்போவில் குறை இருந்தாலோ பகலிலேயே மீண்டும் ஊறவைத்துத் தீர்த்துவிடலாம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைச் செடிகளுக்கோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது.

ஹைப்போ எஞ்சினால் காலப்போக்கில் படம் பழுப்பாகும் என்பதால் கழுவுதலில் சோம்பல் ஆகாது. ஆனால் குழாயைத் திறந்துவிட்டு நீரை வீணாக்கவும் தேவையில்லை. டாங்க்கில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டி, அடுத்த நீரில் பத்து முறை, அதற்கடுத்ததில் இருபது முறை என்று செய்வது இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் சிக்கனமான முறை. தூசு குறைந்த குளியலறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிலிமின் கீழ்நுனியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். காய்ந்தபின் ஆறு ஆறு சட்டங்களாக வெட்டி உறையிலிடும்போது, ஈரக் காற்றில் ஜெலட்டினைப் பூஞ்சை தின்னும் என்பதால், கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவற்றை மழைக்காலத்தில் தவறாமல் மாற்ற வேண்டும்.